டப் வாங்குமுன் சொற்களைச் சேருங்கள்: வட மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் யாழ். போதனா வைத்தியசாலை நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

பாரிசவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கு வீட்டிலேயே கணினியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாமே என்ற கதை இப்போது எங்கள் பக்கத்திலும் அடிபடுகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் டப் (கையில் பிடிக்கும் தொடுதிரைக் கணினி) வாங்கி அனுப்புகிறார்கள். உதவ முன்வரும் ஊர்ச் சங்கங்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை டப் வேணும்?" என்றுதான். யோசனையில் பிழையில்லை. ஆனால் அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. முதலில் வேண்டியது யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் ஒரு சொல் வங்கி. அடுத்தது, கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகக்கூடிய ஓர் உதவியாளர். இவை இரண்டும் இல்லாமல் வாங்கப்படும் டப்பில் மூன்றாம் மாதம் பேரப்பிள்ளையின் கார்ட்டூன்தான் ஓடும்.

நாங்கள் பேச்சிழப்பு என்று சொல்வது அஃபேசியாவை. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது, பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு வலது கை கால் விழுந்தவர்களுக்கு. புத்தி தெளிவாக இருக்கும், ஆளை அடையாளம் தெரியும், வேண்டிய சொல் மட்டும் வாயில் வராது. வந்தாலும் பேணிக்குக் கோப்பை என்று வரும். வாய்த் தசைகள் பலவீனப்பட்டுப் பேச்சுக் குழறுவது வேறு சங்கதி. கிளினிக் கொப்பியில் இரண்டையும் "பேச்சுக் குறைபாடு" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் குழறல் உள்ளவரும் இந்தப் பயிற்சிக்கு அனுப்பப்படுவார், அவருக்கு அதனால் பயன் இராது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது எது என்று பிரித்து எழுதச் சொல்வது செலவில்லாத முதல் வேலை.

வாட்டில் பேச்சுச் சிகிச்சையாளரின் நேரத்தில் பெரும்பங்கு விழுங்கல் பரிசோதனைக்கே போய்விடுகிறது. அது நியாயம்தான். புரையேறிச் சுவாசப்பையில் கிருமி தொற்றினால் ஆளே போய்விடுவார், சொல் வராததால் யாரும் சாவதில்லை. அதனாலேயே பேச்சு எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பிறகு கிளினிக்குக்கு வந்துபோவது என்றால், நெடுந்தீவுக்காரர் படகில் குறிகட்டுவான் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும், கூட ஓர் ஆளும் வரவேண்டும். அரை மணித்தியாலச் சிகிச்சைக்கு ஒரு முழு நாள் போய்விடும். கணினிப் பயிற்சியை நாங்கள் ஆதரிப்பதற்கு முதற்காரணம் இந்தத் தூரம்.

இனி, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது. பிரித்தானியாவில் செஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா பாமர் தலைமையில் நடந்த "பிக் கக்டஸ்" ஆய்வின் முடிவு 2019 இல் லான்செற் நியூரோலஜி இதழில் வெளிவந்தது. 21 நிலையங்கள், 278 பேர். எல்லாரும் பாரிசவாதம் வந்து குறைந்தது 4 மாதம் கழிந்தவர்கள், பலருக்கு ஆண்டுகளே கடந்திருந்தன. ஒரு பிரிவினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு புதிர்ப் புத்தகங்களும் மாதாந்தத் தொலைபேசி அழைப்பும். மூன்றாம் பிரிவினருக்கு, ஆளுக்கேற்பத் தெரிந்தெடுத்த 100 சொற்களை வீட்டுக் கணினியில் 6 மாதம் பயிலும் ஏற்பாடு. பயின்ற சொற்களைச் சொல்வதில் இவர்கள், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட 16.2 சதவீதம் கூடுதலாக முன்னேறினார்கள். புதிர்ப் புத்தகம் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. ஆகவே அது வெறும் கவனிப்பால் வந்த பலன் அல்ல, பயிற்சியால் வந்தது.

ஆனால் அதே ஆய்வில் உரையாடல் முன்னேறவில்லை. வாழ்க்கைத் தரமும் மாறவில்லை. திரையில் "திறப்பு" என்று சொல்லப் பழகியவர், படலையடியில் நின்று திறப்பைக் கேட்க இன்னும் தடுமாறினார் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது முடிவை மறைத்துவிட்டுத் திட்டம் எழுதினால் குடும்பங்கள் ஆறு மாதத்தில் அப்பா முன்போலக் கதைப்பார் என்று நம்பிவிடும்.

இன்னோர் எண்ணும் திட்டம் போடுபவர்கள் கண்ணில் படவேண்டும். அங்கே சொல்லப்பட்டது தினமும் 20 முதல் 30 நிமிடப் பயிற்சி. நடந்ததோ 6 மாதத்தில் சராசரியாக 28 மணித்தியாலம். நாளுக்குப் பிரித்தால் பத்து நிமிடம்கூட இல்லை. உதவிக்கு ஆட்கள் போய்வந்த இடத்திலேயே இதுதான் நிலை. ஆள் போகாத இடத்தில் எவ்வளவு நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"ஆறு மாதம் போனால் இனிப் பேச்சு வராது" என்று சொல்லி அனுப்பும் பழக்கத்தையும் விடச் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் 156 பேரை வைத்து நடந்து 2017 இல் லான்செற்றில் வெளிவந்த ஆய்வில், பாரிசவாதம் வந்து 6 மாதமும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கிழமைக்கு 10 மணித்தியாலத்துக்குக் குறையாமல் 3 கிழமை செறிவாகச் சிகிச்சை கொடுத்ததில் அன்றாடப் பேச்சே முன்னேறியது. முழுக்க டப்பில் விடாமல் மனிதரோடு இருந்து கொடுத்த சிகிச்சை அது.

யாருக்குப் பொருந்தும்? நான்கு படங்களை முன்னால் வைத்துப் பெயரைச் சொன்னால் சரியான படத்தைத் தொடக்கூடியவராக இருக்க வேண்டும். நாங்கள் சொல்லிக்காட்டினால் சில சொற்களையாவது திருப்பிச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். இரண்டும் ஏலாதவருக்குத் தனியே சொற்பயிற்சி கொடுப்பது அவரைத் தினமும் தோற்கடிப்பது. அவருக்குப் படப் புத்தகமும் சைகையும் குடும்பத்தாருக்கான பயிற்சியும் வேண்டும். வலப்பக்கப் பார்வை வெட்டுப்பட்டவர் பலர் உண்டு. திரையின் வலது ஓரத்தில் வரும் படம் அவருக்குத் தெரியாது, நாங்கள் பிழையான விடை என்று எழுதிக்கொண்டிருப்போம். கற்றரக்ட் செய்யாத கண், பழைய மூக்குக்கண்ணாடி, மந்தமான காது ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சொற்பட்டியலுக்கு வருவோம். இந்தியாவில் செய்த தமிழ்ச் செயலி கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் நாற்காலி, சாவி, துண்டு, லுங்கி, மாத்திரை என்று இருக்கும். எங்கள் நோயாளி எழுபது வருடமாகக் கதிரை, திறப்பு, துவாய், சாரம், குளிசை என்று சொன்னவர். மூளையில் தேய்ந்துபோன பாதையைத் திரும்ப நடந்து பழக்குவதுதான் இந்தப் பயிற்சி. அவர் நடக்காத பாதையில் விட்டால் புதிதாக ஒரு மொழி படிப்பிப்பது போலாகிவிடும். எழுத்துத் தமிழும் அதே பிழையைச் செய்யும். படத்துக்குக் கீழே "தேநீர்" என்று எழுதினால் வாய் "தேத்தண்ணி" என்று தேடும், திரை பிழை என்று சொல்லும்.

பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்குவது இன்னொரு குறை. படம் போட வசதி என்பதால் ஆங்கிலச் செயலிகளில் பொருட்களின் பெயர்களே நிறைந்திருக்கும். தமிழில் வினைச்சொல் ஒன்றே முழு வசனமாக நிற்கும். "தாங்கோ", "காணும்", "வேண்டாம்", "நோகுது", "ஏலாது", "தலை சுத்துது" என்பவற்றில் ஒன்றைச் சொல்ல முடிந்தாலே வீட்டில் பாதிக் கரைச்சல் தீரும். 100 சொற்களில் குறைந்தது 30 வினையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. மிச்சத்தில் 20 அளவில் அவருக்கே உரியவை வேண்டும்: மனிசியின் பெயர், கனடாவில் இருக்கும் பேத்தியின் பெயர், ஊர்க் கோயில், தோட்டக்காரர் என்றால் துலாவும் வெங்காயமும், கடற்றொழிலாளி என்றால் கணவாயும் பாரையும்.

படம் தெரிவுசெய்யும்போது ஒரு சோதனை வையுங்கள். பாரிசவாதம் வராத, அதே வயதுடைய ஊரவர் பத்துப் பேரிடம் படத்தைக் காட்டுங்கள். ஒன்பது பேராவது ஒரே பெயரைச் சொல்லாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். "கண்ணாடி" என்றால் முகம் பார்ப்பதும் அதுதான், மூக்கில் போடுவதும் அதுதான், யன்னலில் இருப்பதும் அதுதான். பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும். குசினி மேசையில் பத்துச் சாமானுக்கு நடுவே பேணியைப் படமெடுத்தால் நோயாளி எதைச் சொல்வது என்று நிற்பார். ஒரே தொகுதியில் கதிரை, கத்தரிக்காய், கண்ணாடி என்று ஒரே எழுத்தில் தொடங்குபவற்றையோ, கோப்பை, பேணி என்று ஒரே இனத்தவற்றையோ சேர்க்கக்கூடாது. ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரும். தொடக்கத்தில் தொகுதிக்கு 10 சொல் காணும்.

ஒரு சொல் எப்படிப் பழக்கப்படுகிறது என்று தேத்தண்ணியை வைத்துச் சொல்கிறோம். முதலில் படமும் குரலும் சேர்ந்து வரும், அவர் கேட்டால் மட்டும் போதும். அடுத்து தேத்தண்ணி, கதிரை, பூனை, சாரம் என்ற நான்கு படங்களில் சரியானதைத் தொடுவார். மூன்றாவது, குரலோடு சேர்ந்து சொல்வார். நான்காவது, வாயசைவு மட்டும் தெரியும் வீடியோவைப் பார்த்துச் சொல்வார். ஐந்தாவது, "தே…" என்ற முதல் ஒலி மட்டும். ஆறாவது, வசனத்தை நிரப்புவது. ஏழாவதில்தான் உதவியெதுவும் இல்லாமல் படத்தைப் பார்த்துச் சொல்வது. கடைசியாக அதை வசனத்தில் வைத்துச் சொல்வது: "தேத்தண்ணி தாங்கோ". ஒரு படியில் திணறினால் முந்திய படிக்கு இறங்க வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் தேடவிட்டால் பிழையான சொல்லே பதிந்துவிடும், அடுத்த படத்துக்கும் அதே சொல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வசனம் நிரப்புவதில் ஆங்கில அமைப்பைப் பிரதி பண்ணினால் சறுக்கும். அங்கே பொருளின் பெயர் வசனக் கடைசியில் வரும், தமிழில் கடைசி இடம் வினையுடையது. "நான் பின்னேரம் … குடிப்பேன்" என்று நடுவில் இடைவெளி விட்டால் குரல் நிற்காமல் ஓடிவிடும், அவருக்குச் சொல்ல இடமில்லை. "பின்னேரம் சுடச்சுடக் குடிக்கிற …", "கதவு பூட்டுற …" என்று எச்சத்தில் நிறுத்துங்கள், பெயர் தானாகக் கடைசியில் வந்து விழும். வினைக்கு "பசிக்குது, சோறு …" என்று விட்டால் காணும்.

மென்பொருள் எழுதுபவர்கள் தவறவிடும் இடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலெழுத்தைக் குறிப்பாகக் காட்டும்போது நிரல் சொல்லின் முதற் குறியீட்டை மட்டும் வெட்டி எடுக்கும். யுனிகோட்டில் (கணினிகள் இப்போது பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறை) "தே" என்பது த வும் அதற்குப் பின் வரும் ஏகாரக் குறியும் என இரண்டு குறியீடு. ஒன்றை மட்டும் வெட்டினால் திரையில் "த" என்று வரும். கொய்யாப்பழத்துக்கு "க" வரும், பேணிக்கு "ப" வரும். உயிரெழுத்திலும் அகர உயிர்மெய்யிலும் தொடங்கும் சொற்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பிழையான உதவி கிடைக்கும், நோயாளி "தலையணி" என்று போய்விடுவார். கேள்விமனுக் கோரும்போது "முழு உயிர்மெய் எழுத்தாக வெட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பட்டியலை அப்படியே கொடுத்தால் டப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், முன்பே யுனிகோட்டுக்கு மாற்றி ஒருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டும். குரலைக் கேட்டுத் தானே புள்ளி போடும் வசதி இருக்கிறதாம் என்று யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். சிதைந்த பேச்சை, அதுவும் எங்கள் வழக்கில், அது நம்பும்படி அடையாளம் காணாது. நோயாளி தன் குரலைப் பதிந்து, மாதிரிக் குரலோடு அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் போதும்.

பொதுவாக 300 சொற்களைத் தயார்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் 80 அதிலிருந்து வரும், 20 புதிதாகச் சேர்ப்பது. ஒரு சொல்லுக்குச் சொல், முதல் ஒலி, நிரப்பும் வசனம், முழு வசனம் என்று நான்கு பதிவு, ஆக 1200. நாளுக்கு 60 சொல் என்றால் ஐந்து நாள் வேலை. ஆண் ஒருவர், பெண் ஒருவர், இருவரும் இந்தப் பக்கத்தவர், வானொலி அறிவிப்பாளர் குரல் வேண்டாம். மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதியுங்கள். வீடியோவில் மூக்கிலிருந்து நாடிவரை தெரிந்தால் சரி.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 அங்குலத் திரை, போன் வேண்டாம். இடது கையால் தொட ஏதுவாகச் சாய்வான தாங்கி. இணையம் இல்லாமலே முழுதும் ஓட வேண்டும். ஒரே செயலியில் பூட்டிவைத்தால் கார்ட்டூன் பிரச்சினை தீரும். திரை அணையும் நேரத்தை 10 நிமிடத்துக்குக் கூட்டிவையுங்கள். இது சின்ன விசயம்தான், ஆனால் அவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது திரை இருண்டுவிட்டால் உடைந்துவிட்டது என்று பயந்து அடுத்த நாள் தொடமாட்டார். வீட்டாரின் படங்களும் குரலும் அதில் இருப்பதால், திருப்பி வாங்கும்போது அழித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

உதவியாளர் யார்? பேச்சுச் சிகிச்சையாளராக இருக்கத் தேவையில்லை. பொறுமையும் தெளிவான பேச்சும் உள்ள, சிகிச்சையாளரிடம் பயிற்சி பெற்று அவரின் கீழ் வேலை செய்யும் ஒருவர் போதும். வீட்டுக்கு 45 நிமிடம் என்று வைத்தால், பயண நேரமும் சேர்த்து ஒருவரால் கிழமைக்கு 15 வீடு பார்க்க முடியும். அங்கே முதல் பத்து நிமிடம் டப்பில் எவ்வளவு பயிற்சி நடந்தது என்று பார்ப்பதும் அடுத்த தொகுதிக்கு மாற்றுவதும். மீதி நேரம் முழுக்க, பயின்ற சொற்களைப் பேச்சில் கொண்டுவருவதற்கு. பிரித்தானிய ஆய்வில் உரையாடல் முன்னேறவில்லை என்று சொன்னோமே, அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய நேரம் இதுதான்.

அதற்கு எங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. கோயிலில் அருச்சனைக்கு ஐயர் கேட்பது பேரும் நட்சத்திரமும் மட்டும்தான். அந்த இரண்டு சொல்லையும் டப்பில் பழகி, வீட்டில் உதவியாளர் ஐயராக நின்று கேட்டு ஒத்திகை பார்த்து, வெள்ளிக்கிழமை கோயிலில் அவரே சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கும் மகள் வாயை மூடிக்கொண்டு பத்து வரை மனதுக்குள் எண்ண வேண்டும். அதுதான் கடினம், மகளுக்கு. கடைக்குப் போய் "பாண், ஒண்டு" என்பது அடுத்தது. வட்ஸ்அப்பில் பேத்தி எடுக்கும் நேரம் பெரும்பாலும் தெரிந்ததுதான். அதற்கு முன் ஐந்து சொல்லைப் பழகிவிட்டு உட்காரச் செய்யுங்கள், பேத்திக்கும் அந்த ஐந்தைச் சொல்லிவையுங்கள்.

வீட்டில் கெடுவது பெரும்பாலும் அன்பினால்தான். கேட்குமுன் தண்ணி வந்துவிடுகிறது, சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அல்லது வருபவர் போபவர் எல்லாம் "அப்பா, இது என்ன? சொல்லுங்கோ பாப்பம்" என்று பரீட்சை வைக்கிறார்கள். ஒரு காலத்தில் வகுப்பை நடத்திய மனிசன் பேரப்பிள்ளைக்கு முன் "பூனை" சொல்ல ஏலாமல் இருப்பதைப் போல அவமானம் வேறில்லை, பிறகு டப்பை எடுத்தாலே முகத்தைத் திருப்புவார். பரீட்சை டப்போடு இருக்கட்டும், வீட்டார் கதைக்க மட்டும் செய்யட்டும். சாப்பிட மறுப்பது, நித்திரையின்மை, அழுகை என்று மாறினால் அது சோம்பலாக இராது, மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று அறிய, தொடங்குமுன் எல்லாப் படங்களையும் இரண்டு வேறு நாட்களில், ஒன்றுக்கு 10 வினாடி விட்டுக் காட்டிப் பதியுங்கள். இரு நாளும் சொன்ன சொற்களுக்குப் பயிற்சி தேவையில்லை. சொல்ல முடியாதவற்றில் 20 ஐப் பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிவையுங்கள். 3 ஆம், 6 ஆம் மாதம் பயின்றதையும் ஒதுக்கியதையும் சேர்த்துக் கேட்டால் எது பயிற்சியால் வந்தது என்று தெரியும். உரையாடலுக்கு, வீட்டார் ஒருவரோடு 5 நிமிடம் கதைப்பதைத் தொடக்கத்திலும் முடிவிலும் வீடியோ எடுத்து, எது முன், எது பின் என்று தெரியாத சிகிச்சையாளர் ஒருவர் மதிப்பிடட்டும்.

நிர்வாகம் பற்றி இரண்டு விடயம். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். பெரியாஸ்பத்திரியில் துண்டு வெட்டப்படும் நோயாளி மாகாண உதவியாளரிடம் போய்ச் சேர ஒரு பொதுப் பதிவேடும் பொறுப்பான ஓர் உத்தியோகத்தரும் இல்லாவிட்டால் இடையில் காணாமற் போவார். இந்த மடல் இரு தரப்புக்கும் எழுதப்படுவது அதற்காகத்தான்.

மற்றது ஆளணி. ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்று வெளிவரும் பேச்சுச் சிகிச்சையாளர்களில் தமிழில் சிகிச்சை அளிக்கக்கூடியவர்கள் குறைவு. டப் வந்துவிட்டதே, பதவி எதற்கு என்று யாராவது கோப்பில் எழுதினால், பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பாரிசவாத மறுவாழ்வு வழிகாட்டியை எடுத்துக் காட்டுங்கள். அது கணினிப் பயிற்சியை நேருக்கு நேர் சிகிச்சைக்கு மேலதிகமாகவே வைக்கிறது, பதிலாக அல்ல. சொல்லைத் தெரிவதும் படியைக் கூட்டிக் குறைப்பதும் யாருக்குப் பொருந்தாது என்று முடிவெடுப்பதும் சிகிச்சையாளர் வேலை.

ஒரு சிகிச்சையாளர், இரண்டு உதவியாளர், 30 டப், 300 சொல். இதோடு ஓர் ஆதார வைத்தியசாலையில் 6 மாதம் தொடங்கிப் பாருங்கள். தீவுப்பகுதியை உள்ளடக்குவதால் ஊர்காவற்றுறையை முதலில் எடுக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். சொல் வங்கியை எவரின் தனிச் சொத்தாகவும் ஆக்காமல், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் மன்னாரும் எடுத்துத் தங்கள் சொற்களைச் சேர்க்கும்படி திறந்துவிடுங்கள். நன்கொடையாளர் "எத்தனை டப்?" என்று இனிக் கேட்டால், முதல் வருடம் ஓர் உதவியாளரின் சம்பளத்தையும் பயணச் செலவையும் பொறுப்பேற்க முடியுமா என்று கேளுங்கள்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்தில் பேச்சு மொழிச் சிகிச்சையிலும் பாரிசவாத மறுவாழ்விலும் பணிபுரிவோர்